படம் மூன்றின் கீழே நாலு வரி

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் சிவப்புப் பேனாவும் நலம் என்பதைத் திரும்பி வந்த என் கட்டுரையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இங்கு நான், மனைவி, மாமியார், மொட்டைமாடியில் இருபது தக்காளிச் செடிகள், எல்லோரும் சுகம்.

"படம் 3: முடிவுகள்" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கு என்ன விளங்கும், கட்டுரையைப் படிக்காதவருக்கும் படம் புரிய வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். இது அச்சில் வந்தால்தான் கல்லூரியில் என் வேலை நிரந்தரம் என்பதால், உடனே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சரியென்று வெட்டிக் குறைத்து மனைவியிடம் நீட்டினால், "படத்துல இந்தக் கறுப்புப் பட்டை மேல ஒரு குச்சி நிக்குதே, ஆன்டெனாவா?" என்கிறாள். செடிக்குச் செடி உயரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கோடு அது என்றேன். "அதை எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்றவள் அடுத்து, எண்களுக்குப் பக்கத்தில் நான் நட்சத்திரக் குறி போட்டிருந்த அட்டவணைக்குத் தாவினாள். "கடை விளம்பரத்துல நட்சத்திரம் போட்டாக்கூட, கீழ பொடி எழுத்துல நிபந்தனை இருக்கும். உங்க நட்சத்திரம் ஏங்க அந்தரத்துல தொங்குது?" பதினோரு முறை திருத்தினேன் ஐயா. பன்னிரண்டாவதைப் படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது:

"படம் 3. முப்பது நாள் முடிவில் தக்காளிச் செடிகளின் சராசரி உயரம். கறுப்புப் பட்டை: இலைச்சாறு கலந்த தண்ணீர் பெற்றவை. வெள்ளைப் பட்டை: வெறும் தண்ணீர் மட்டும் பெற்றவை. வகைக்குப் பத்துச் செடிகள். பட்டை மேலுள்ள கோடு: செடிகளுக்கிடையே உயர வேறுபாடு."

வெறும் தண்ணீர்ச் செடியே ஒரு சாண் கூடுதலாக வளர்ந்தது என்ற என் மாபெரும் கண்டுபிடிப்பு இனி யாருக்கும் விளங்கும். தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும். அது என் பக்கம் மட்டும் திரும்பாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நிரந்தரமாகவிருக்கும்
தாவரவியல் விரிவுரையாளர்

பி.கு.: உறையை ஒட்டுமுன், கட்டுரையில் ஒரு வரிகூடப் படிக்காத மாமியாரிடம் படத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். "வெள்ளைன்னா வெறும் தண்ணிச் செடியா மாப்பிள்ளை? அந்த ஓரத்து வரிசையா? ஐயையோ, நீங்க கவனிக்காம விட்டுட்டீங்களேன்னு நான்தான் தினமும் அதுக்கு உரம் கரைச்சு ஊத்தினேன்!"

ஆகவே கட்டுரையை அனுப்பவில்லை. இன்னும் முப்பது நாள் பொறுத்தருள்க; மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கியாயிற்று. படவிளக்கத்தை மட்டும் இணைத்துள்ளேன். அதில் ஒரு குறையும் இல்லை ஐயா. கட்டுரையைப் படிக்காமலே புரிந்துவிட்டது.