காணாமல் போன கடைசி டிவிடியும் சம்பந்தியின் காதும்

பெருமதிப்புக்குரிய, போன ஞாயிற்றுக்கிழமை காலை வரை சம்பந்தியாக இருந்தவரும், மறுபடியும் ஆவார் என்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் நம்புகிறவருமான திரைச்சீலைக் கடை முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலமும், தங்கள் துணைவியாரின் மனநலமும், கடையின் வியாபாரமும், கடையில் இருக்கும் மீட்டர் கோலின் நீளமும் எந்தக் குறைவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். மீட்டர் கோலைக் குறிப்பிட்டது பழக்க தோஷம். எடையளவுத் துறையில் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் தேடியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் யாரை நலம் விசாரித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பான். தவறாக எண்ண வேண்டாம்.

இங்கே நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், என் மனைவி பேசுவதை நிறுத்தவே இல்லை. கல்யாணத் தேதி குறிக்க வந்த தாங்கள் தேதியையும் குறிக்காமல், காபியையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகும்படி ஆனது. அன்றிலிருந்து தங்கள் துணைவியார் தங்களோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றும், "இந்த விஷயம் தெளியாம தேதிப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் என்றும் மாப்பிள்ளை என் மகளிடம் சொல்லி, மகள் என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னாள். ஆகவே, அன்று நான் தங்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய், கற்பனை, மூளைக்கோளாறு என்று கைப்பட எழுதித் தரும்படி எனக்கு உத்தரவு. தாங்கள் இதைத் தங்கள் துணைவியாரிடம் தாராளமாகக் காட்டலாம். காட்டுவதற்காகவே எழுதுகிறேன்.

எல்லா வினைக்கும் மூலம் அந்தப் பெட்டிதான். ஓய்வு பெறும் நாளன்று ஆபீஸில் எல்லோருக்கும் போல எனக்கும் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். இவர் எதையும் சந்தேகப்படுகிற ஆள், இதுதான் பொருத்தம் என்று யோசித்து, அந்தக் காலத்துத் துப்பறியும் தொடர் ஒன்றின் டிவிடிகளை, முதல் கதையிலிருந்து கடைசிக் கதை வரை, ஒன்று விடாமல் அடுக்கிய பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தாங்களும் பார்த்திருப்பீர்கள், நிரந்தர ஜலதோஷக்காரர் ஒருவர் துப்பறிவாரே, அது. சந்தேகப்படுகிற எல்லோரையும் ஹாலில் உட்கார வைப்பார், கதவைத் தாழ் போடுவார், மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருத்தர் வண்டவாளத்தையும் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டு, கடைசியில் ஒரு தும்மல் தும்மிக் கொலைகாரனைக் காட்டுவார். என் சின்ன வயதில் அது டிவியில் ஓடும்போது, சரியாகத் தும்மலுக்கு முன்னால் எங்கள் அப்பா செய்திக்கு மாற்றிவிடுவார். ஒரு கொலைகாரனைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது அத்தனை கொலைகாரர்களும் எனக்கே சொந்தம் என்று வந்தால் மனுஷன் என்ன ஆவான் சொல்லுங்கள்.

ஆனேன். பெட்டியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் கை கழுவிவிட்டுத் தொட வேண்டும், கழுவினால் துடைத்துவிட்டுத் தொட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். கூரியர்காரரின் சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருப்பதைப் பார்த்து, "காலையில வீட்ல சண்டையா?" என்று கேட்டேன். சண்டைதான். அன்றிலிருந்து அவர் மணி அடிப்பதில்லை, பார்சலை மதில் மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். எல்லாக் கதையும் பார்த்தாயிற்று, கடைசி டிவிடியை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன். பார்த்துவிட்டால் முடிந்துவிடுமே, அப்புறம் என்ன பண்ணுவது என்ற பயம். வீடு கட்டிவிட்டுக் குடி போகாதவன் மாதிரி தினம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன்.

அன்றைக்குத் தாங்கள் மரியாதைக்கு "இது என்ன பெட்டி?" என்று ஒரு கேள்வி கேட்டீர்கள் பாருங்கள், சனி அங்கே பிடித்தது. ஆசையாகத் திறந்தால் கடைசி உறை காலி! டிவிடி மெஷினுக்குள் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், பார்த்தேன். சோபாவுக்கு அடியில் பார்த்தேன், தங்கள் துணைவியாரின் கைப்பைக்கு அடியில்கூடப் பார்த்தேன். காலையில் இருந்த டிவிடி, தாங்கள் வந்து உட்கார்ந்தபின் இல்லை. அப்புறம் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டேன். கொசுவுக்காகச் சாத்துகிறேன் என்று நினைத்து மாப்பிள்ளை ஜன்னலையும் சாத்தினார். நல்ல பிள்ளை, அவரைப் போல ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். "எல்லாரும் உட்காருங்க, யாரும் வெளிய போகக் கூடாது"ன்னு நான் சொன்னதும் தேதியைத்தான் சொல்லப் போறேன்னு தாங்கள் எல்லாரும் சிரிச்ச முகமா உட்கார்ந்தீங்க.

இனி மறுப்புகள். "போன் பேசிட்டு வரேன்"னு தாங்கள் ரெண்டு தடவை மொட்டை மாடிக்குப் போனதாகவும், ரெண்டு தடவையும் தங்கள் போன் எங்க வீட்டு மேஜை மேல சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்ததாகவும், திரும்பி வரும்போது தங்கள் வாயில் ஏலக்காய் வாசனையும் விரல்ல வேற வாசனையும் இருந்ததாகவும், டாக்டர் நிறுத்தச் சொன்ன சிகரெட்டைத் தாங்கள் நிறுத்தவில்லை என்றும் நான் சொன்னேன். பொய். போன் இல்லாமலும் போன் பேசலாம். இந்தக் காலத்தில் எவ்வளவோ வசதி வந்துவிட்டது. அடுத்து, ரெண்டு வருஷமாகத் தினம் ஒரு மணி நேரம் நடப்பதாகச் சொல்கிறவரின் ஷூவை வாசலில் திருப்பிப் பார்த்தால் அடிப்பாகத்தில் கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, சட்டைப் பையில் பேக்கரிக்காரனின் எண்ணெய்க் காகிதம் எட்டிப் பார்க்கிறது, ஆகவே நடைப்பயிற்சி பேக்கரி பெஞ்சில்தான் நடக்கிறது என்றேன். அதுவும் பொய். தாங்கள் அவ்வளவு மென்மையாக நடப்பவர், தரைக்கே தெரியாது. மேலும், வந்தவர்களின் செருப்பைத் திருப்பிப் பார்க்கிறவனெல்லாம் ஒரு மனுஷனா என்று என் மனைவி பின்னால் நின்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

மூன்றாவதுதான் பெரிய பொய். தங்களுக்கு ஆறு வருஷமாகக் காது மந்தம். தங்கள் துணைவியார் எதையும் ரெண்டு தடவை, ரெண்டாவது தடவை தொண்டை கிழிய, சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் அவர் "சர்க்கரை வேணாம்னு சொல்லுங்க"ன்னு கத்தினார், தாங்கள் "ஆமாமா, நல்ல மழை"ன்னு சொன்னீங்க. அதே நேரம் அடுப்படிக்குள்ள என் மனைவி என் மகள்கிட்ட, "முந்திரி பிஸ்கட் டப்பா எங்கடி?"ன்னு முணுமுணுத்தா. எனக்கே அது கேட்கலை. தங்கள் தலை டக்னு அடுப்படிப் பக்கம் திரும்பிச்சு. நான் விட்டிருக்கலாம். விடலையே! தங்களுக்குப் பின்னால போய் நின்னு, ரொம்ப மெதுவா, "சம்பந்தி, காலர்ல பூரான்"னு சொன்னேன். தாங்கள் சோபாவை விட்டுக் குதிச்சீங்க. உடனே நான் கைக்குட்டை முனையை மூக்குல விட்டு ஒரு தும்மல் போட்டு, "இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி பேசினா மட்டும்தான் காது கேட்காது!"ன்னு சபையில அறிவிச்சேன். இது முழுப்பொய் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தாங்கள் திரும்பியது முந்திரி வாசனைக்கு. மூடின டப்பாவிலிருந்தும் சிலருக்கு வாசனை வரும். குதித்தது வாய்வுப் பிடிப்பு. அப்புறம் தங்கள் துணைவியார், வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல், "எழுந்திருங்க, போகலாம்" என்றதும் தாங்கள் அடுத்த நொடி எழுந்து நின்றீர்களே, அது உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டது. அவர் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்று சிலர் சொல்லலாம், நம்ப வேண்டாம்.

இதற்கு நடுவில் என் மனைவி, "ஏங்க, ஒரு நிமிஷம்"னு மூணு தரம் கூப்பிட்டா. "சாட்சிகள் கேட்டால் மட்டும் பேசலாம்"னு நான் அவ வாயை அடைச்சிட்டேன். தாங்கள் எல்லாரும் போய், தெரு முனையில கார் திரும்பினப்புறம், அவ உள்ள போனா, பீரோவில போர்வைக்கு அடியிலேர்ந்து டிவிடியை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சா. "நான்தான் எடுத்து வச்சேன். பொண்ணுக்குத் தேதி குறிக்கிற நேரத்துல நீங்க இதைப் போட்டுக் காட்டறேன்னு உட்கார்ந்துடுவீங்களோன்னு பயம்" என்றாள். "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் சந்தேகப்பட்டீங்க. இத்தனை வருஷம் கூடவே இருக்கேன், என் மேல ஒரு சந்தேகம் வரலையே உங்களுக்கு!" என்று வேறு கேட்டாள். பெருமைப்பட்டாளா வருத்தப்பட்டாளா என்று அதைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் படற பாட்டைத்தான் தாங்க முடியலை சம்பந்தி. கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. நான் வெளிய நின்னு, "தெரியாம பண்ணிட்டேன்மா"ன்னேன். உள்ளேர்ந்தே சொன்னா: "நீங்க சொன்னதுல ஏதாவது ஒண்ணாவது தப்பா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்பா." அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. அந்தப் பையனோட அவ சிரிச்சுப் பேசற சத்தத்துலதான் கொஞ்ச நாளா இந்த வீடு வீடா இருந்துச்சு. பெரியவங்க காது, மூக்கு, ஷூவுக்காக அதுங்க ரெண்டும் பிரியறதா? என் தலையில எத்தனை குட்டு வேணும்னாலும் வைங்க, தேதியை மட்டும் வைக்காம இருந்துடாதீங்க.

ஆகவே, நான் சொன்னதில் அணுவளவும் உண்மை இல்லை, தங்களுக்குக் காது உண்மையாகவே கேட்காது, இனி எந்த ஜென்மத்திலும் நான் யாரையும் துப்பறிய மாட்டேன் என்று மூன்று உறுதிமொழிகளையும் தங்கள் துணைவியாரின் முன்னிலையில் சமர்ப்பிக்கிறேன். தங்கள் இல்லத்தில் சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒற்றுமையாக, நீண்ட ஆயுளோடு, குறைந்த சத்தத்தில் வாழ எங்கள் குடும்பத்தின் வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். ஜன்னலை இன்னும் யாரும் திறக்கவில்லை என்று அவரிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
எதையும் கண்டுபிடிக்காத,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: இது தங்கள் கடை விலாசத்துக்குத் தனியாக அனுப்பும் சீட்டு. சம்பந்தியம்மா கண்ணில் படாமல் படித்துவிட்டுக் கிழித்துப் போடவும்.

மேலே சொன்ன கடுதாசியை எழுதி உறையில போடற நேரம் வாசல் மணி அடிச்சுது. பார்த்தா சம்பந்தியம்மா, தனியா! கடுதாசியைக் கையிலயே கொடுத்துட்டேன். நின்னபடியே முழுக்கப் படிச்சாங்க. படிச்சிட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஏன் சம்பந்தி, அவருக்குக் காது கேட்கும்னு எனக்கா தெரியாது? ஆரம்பத்துலயே தெரியும். சிகரெட்டு, பேக்கரி எல்லாமே தெரியும். அவர் செவிடு மாதிரி உட்கார்ந்திருக்கார்ல, அந்தத் தைரியத்துலதான் அவர் பக்கத்துலயே உட்கார்ந்து என் தங்கச்சிக்குப் போன் போட்டு, கல்யாணமான நாள்லேர்ந்து அவர் பண்ணினது ஒவ்வொண்ணையும் சொல்லுவேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியுமா அவரால? மூஞ்சியைச் சுளிச்சாக்கூட மாட்டிக்குவாரே! ஆறு வருஷமா மனசுல இருக்கறதைக் கொட்டிட்டு நிம்மதியாத் தூங்கினேன். அதுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்றார். "அப்போ அந்தக் கத்தல்?" என்று கேட்டேன். "அது சும்மா. அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதுல்ல."

ஆக, கடுதாசியை ஒட்டித் தபால்லயே அனுப்பணுமாம். அவங்க முதல் தடவை படிக்கிற மாதிரி படிச்சு, நம்பிடுவாங்களாம். தாங்கள் மறுபடியும் செவிடாகிவிட வேண்டியதுதான். அபராதமா என் டிவிடிப் பெட்டியை, கடைசி டிவிடியோட சேர்த்து, கையைக்கூடக் கழுவாம தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. "இது உங்க வீட்ல இருந்தா இந்தக் கல்யாணம் தாங்காது"ன்னு சொல்லிட்டாங்க. தங்கள் எதிரிலேயே சத்தத்தைக் குறைச்சு வச்சுத்தான் பார்ப்பாங்களாம். காதைத் தீட்டி வச்சுக்கிட்டு, கடைசிக் கதையில யார் கொலைகாரன்னு எனக்கு ஒரு வரி எழுதினா புண்ணியமாப் போகும்.

இதை எல்லாம் தங்களிடம் சொல்ல மாட்டேன்னு அவங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா கண்டுபிடிச்சதை வெளிய சொல்லாம இருக்க என்னால முடியலையே, நான் என்ன பண்ண? ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். சம்பந்தியம்மாவும் என் மனைவியும் காபி குடிச்சுக்கிட்டே கல்யாணத் தேதியைக் குறிச்சிட்டாங்க. இன்னிக்கோ நாளைக்கோ அவங்க தங்கள் பக்கத்துல உட்கார்ந்து அதைத் தங்கச்சிக்குப் போன்ல சொல்லுவாங்க. சந்தோஷத்துல சிரிச்சுக்கிரிச்சு வச்சிடாதீங்க சம்பந்தி, என் பொண்ணு வாழணும்.