கார்டு வாங்கப் போகிறவர்

கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்தான் கார்டு வாங்கப் போகிறவர்.

கணினியில் விளையாட்டு நன்றாக ஓட வேண்டுமானால் உள்ளே ஒரு கார்டைச் செருக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் வாங்கப் போகிறவரிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். உங்களை மாடிப்படியிலேயே நிறுத்தி, நினைவகம் எத்தனை, விசிறி இரண்டா மூன்றா, எவ்வளவு சுடும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், நொடிக்கு எத்தனை படம், அதிலும் மழை பெய்கிற காட்சியில் எத்தனை படம் என்று ஆரம்பித்து, நீங்கள் வாங்கி வந்த பால் பாக்கெட் கையிலேயே திரிந்துபோகும் வரை விடமாட்டார். சரி, எதுதான் நல்லது? "அவசரப்படக் கூடாது சார். இன்னும் ரெண்டு மாசத்துல புதுசு வருது." எந்த மாதம் கேட்டாலும் இரண்டு மாதம்தான்.

எங்கள் மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது தொழில். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். நாம் கொஞ்சம் தயங்கினால் போதும், "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, பின்னால ஆள் காத்திருக்காங்க" என்று அதட்டுவார். என் கண்ணாடியை அவர் நாலே நிமிடத்தில் முடிவு செய்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, காலை உடைத்துக்கொண்டு, ஆறு வாரக் கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சின்ன வயதில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து கார்ப் பந்தயம் ஆடியவர்கள். வேலைக்குப் போனபின் சேர்ந்தாற்போல் நாலு நாள் ஒன்றாக இருந்ததில்லை. கட்டுப் பிரிப்பதற்குள் புதிதாக வந்திருக்கும் பந்தயத்தை இருவருமாக ஆடி முடித்துவிடுவதென்று ஏற்பாடு. கார்டு ஒன்றுதான் பாக்கி.

முதல் வாரம் அட்டவணை போட்டார். பதினேழு கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு கட்டங்கள். இரண்டாம் வாரம் வீடியோ பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் ஒருவர், வாங்கினால் தொலைந்தீர்கள் என்றார் இன்னொருவர். இவர் இருவரையும் நம்பினார்.

"ஏதாவது ஒண்ணு வாங்குண்ணா. கார் ஓடினா போதும்."

"ஓடும்டா. ஈர ரோட்டுல காரோட நிழல் சரியா விழ வேண்டாமா?"

"நான் நிழலையா ஓட்டப் போறேன்?"

நான்காம் வாரம் அவர் மனைவி பொறுமையிழந்து, தன் பழைய லேப்டாப்பில், எல்லா அழகையும் குறைத்துவைத்து, அதே பந்தயத்தை ஓடவிட்டார். மரங்களெல்லாம் பச்சை அட்டைப் பெட்டிகள். அண்ணியும் கொழுந்தனும் போட்ட சிரிப்புச் சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. அண்ணன் மட்டும் பின்னால் நின்று முகம் சுளித்தார்.

"நீங்களும் வந்து ஒரு ரவுண்டு உக்காருங்களேன்."

"வேண்டாம். முதல் தடவை பாக்கும்போதே நல்லா பாத்துடணும்."

ஐந்தாம் வாரக் கடைசியில் கார்டு வந்தேவிட்டது. பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். கையை இருமுறை துடைத்துக்கொண்டு, கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கார்டை உள்ளே இறக்கினார். இறங்கவில்லை. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். இருபத்திரண்டு கட்டங்களில் நீளத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. தம்பிதான் மெதுவாக, "நாளைக்கே ஒரு பெரிய பெட்டி வாங்கிடலாம்ணா" என்றான்.

"நாளைக்கேவா? பெட்டின்னா உள்ள காத்து எப்படிப் போகுதுன்னு பாக்கணுமேடா."

ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். "அடுத்த தடவை ஆடலாம்ணா" என்று சொல்லிவிட்டுத் தம்பி வண்டி ஏறினான். அடுத்த தடவை எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை. நல்லதாக நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாமென்று பக்கத்தில் போனேன். வாயில் வந்தது இதுதான்:

"அது சரி, கடைசியில எந்தக் கார்டு வாங்கினீங்க?"

அவர் முகம் தெளிந்தது. முக்கால் மணி நேரம் சொன்னார். நானும் நின்று கேட்டேன், நடுவில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரிப்பது இருக்கட்டும். இவ்வளவு தூரம் படித்தீர்களே, அந்தப் பையனுக்குக் கால் சரியாகிவிட்டதா என்று யோசித்தீர்களா, அல்லது அது எந்தக் கார்டு என்று யோசித்தீர்களா?