எந்த வருஷம் போடட்டும்?

விசுவாசம் என்ற பயிர் உலகத்திலேயே அமோகமாக விளைந்தது, இரண்டு சக்கரவர்த்திகள் இருந்த காலத்துக் கியோத்தோவில்தான். தலைநகரத்தில் ஒருவர் வடக்குச் சக்கரவர்த்தி, மலையில் ஒருவர் தெற்குச் சக்கரவர்த்தி. ஒரே ஒருவருக்குக் கொடுத்தால் மீந்துபோகும் அளவுக்கு அங்கே ஆட்களிடம் விசுவாசம் இருந்தது.

இருவரும் ஆளுக்கொரு வருஷப் பெயர் வைத்திருந்தார்கள். காகிதத்தில் எந்த வருஷத்தை எழுதுகிறாயோ, நீ அந்தப் பக்கத்து ஆள்.

சுகெயொரி பிரபுவுக்குச் சொத்து மூன்று வயல். அவற்றின்மேல் பெரியப்பா மகன் யசுகதாவுக்கு ஒரு கண். படை கூடும்போது முகாமுக்குப் போய் "வந்தேன்" என்று எழுதி நீட்டி, அதிகாரி அதன் அடியில் "பார்த்தேன்" என்று கையெழுத்திட்டால்தான் வயல் தங்கும். சுகெயொரியிடம் வடக்கின் "பார்த்தேன்" ஆறு, தெற்கின் "பார்த்தேன்" ஏழு இருந்தன. பாரபட்சம் அறியாத மனிதர்.

படை கூடும் நாளன்று விடியும்போதே அவருடைய எழுத்தர் ஜோகாகு துறவி தூரிகையை நனைத்துவிட்டார்.

"எந்த வருஷம் போடட்டும்?"

"முகாம்ல என்ன கொடி பறக்குது?"

"இப்போதைக்கு வடக்கு."

"அப்ப வடக்குன்னே போடுங்க சாமி."

"அவசரப்படாதீங்க. எடத்தைக் காலியா விட்டுட்டுப் போவோம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"மொட்டைக் காகிதத்தை நீட்டச் சொல்றீங்களா? எனக்குன்னு ஒரு மானம் மரியாதை கிடையாதா? எழுதுங்க!"

எழுதியாயிற்று. துறவியையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் சுகெயொரி வரிசையில் முதல் ஆளாக நின்றார். பின்னால் நானூறு பேர். அத்தனை கையிலும் ஈரத் தூரிகை, அத்தனை காகிதத்திலும் வருஷத்துக்கான இடம் வெள்ளை வெளேர். அடுத்து நின்றவன் சாட்சாத் யசுகதா.

"அதுக்குள்ள எழுதிட்டியா தம்பி? தைரியம்தான்!"

"உன்னை மாதிரிப் பச்சோந்தியா நானு?"

சொன்னபோது சுகெயொரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பக்கத்தில் நிற்கிறார். அது நன்றாகத்தான் இருந்தது.

உச்சிவேளையில் முரசு அடித்தது. அதிகாரி வெளியே வந்தார். தளபதிக்கும் அவர் கூடப்பிறந்த தம்பிக்கும் மனஸ்தாபமாம். தம்பியை ஒழிக்கத் தெற்குச் சக்கரவர்த்தியின் ஆசி தேவைப்படுவதால், தளபதி சற்றுமுன் தெற்கின் "பரம்பரை விசுவாசி" ஆகிவிட்டாராம். கொடி இறங்கியது, வேறு கொடி ஏறியது. பின்னால் நானூறு தூரிகைகள் சரசரத்தன.

"சாமி, கிழிச்சிடலாமா?"

"முதல் ஆளா வேற நிக்கறீங்களே!"

அதிகாரி காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"என்னய்யா வருஷம் இது?"

"உங்க கொடியப் பாத்துத்தான் எழுதினேன் ஐயா..."

"கொடி மாறிடுச்சில்ல? நீ ஏன் மாறல?"

"காலையிலேர்ந்து இங்கயேதான் நிக்கறேன் ஐயா!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மூன்று வயலும் யசுகதாவுக்குப் போயின. அன்றைய முகாம் பதிவேட்டில் முத்து முத்தான எழுத்தில் இப்படி இருக்கிறது: "வந்த விசுவாசிகள் நானூறு. துரோகி ஒருவன். குற்றம்: காலையில் சொன்னதையே மத்தியானமும் சொன்னது."