பாதிமீசையின் பந்தயம்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே தோற்பதற்கென்று பிறந்தவர் பாதிமீசை. தோற்கத் தோற்க அவர் புகழ் வளர்ந்தது. கோப்பில் ஒரு கால்புள்ளிகூடத் தவறவிடாமல் ஓய்வுபெற்ற எனக்கோ, அதே தெருவில் ஒரு வணக்கம் கிடைப்பதே அபூர்வம்.

முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மீசைப் பந்தயம் களைகட்டும். தன் அணி தோற்றவன் பாதி மீசையை எடுத்துவிட்டு ஊரில் நடமாட வேண்டும். எடுப்பது அவர் கடையில், இலவசமாக. அவர் ஆதரிக்கும் அணி எப்படியும் தோற்கும் என்பதால் ரசிகர்கள் வந்து கெஞ்சுவார்கள்: "சேட்டா, புண்ணியமாப் போகும், எதிர் டீமுக்கு மாறிடுங்க!"

விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்று பேப்பரில் விவாதம் வந்த அன்று, அவர் கடையில் உட்கார்ந்து இரு பக்கத்தையும் விளக்கினேன். அனுமதித்தால் அரசுக்கு வரி வரும், வயதுச் சோதனை இருக்கும், ஏமாந்தவன் புகார் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கும். ஆனால் கூச்சம் போய்விடும்; ஒளிந்து ஆடியவன் பகிரங்கமாகக் குடும்பத்தை அழிப்பான். கொட்டாவியை யாரும் மறைக்கவில்லை.

"சாரே, நம்ம பந்தயத்துல போனது திரும்ப முளைச்சிரும். அங்க முளைக்குமா?" என்றார் பாதிமீசை. கடையே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த முறை இறுதியாட்டத்தில் வழக்கம்போல் அவர் அணி தோற்றது. மறுநாள் அவர் மகளைப் பெண் பார்க்கத் திருப்பூணித்துறையிலிருந்து வருகிறார்கள்.

"இந்தக் கோலத்துல போய் நின்னா கல்யாணம் நடந்த மாதிரிதான்!" என்று அவர் மனைவி அழுதார்.

"ஒப்பந்தச் சட்டப்படி பந்தயமே செல்லாது, அண்ணாச்சி. எந்தக் கோர்ட்டும் உங்க மீசையைக் கேக்க முடியாது" என்றேன்.

"கோர்ட்டு கேக்காது சாரே. நான் சிரைச்சுவிட்டவனெல்லாம் கேப்பானே" என்று கண்ணாடி முன் நின்று கத்தியை எடுத்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா சாயாவைத் தொடாமல் பாதிமீசையின் முகத்தையே பார்த்தார். பாதிமீசையின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த டீம்?"

பாதிமீசை சொன்னார். வந்தவர் தன் மேலுதட்டைத் தடவினார். அங்கே வெயில் படாத வெள்ளைப் பட்டை ஒன்று.

"நானும் அதேதான். பாதியோட வரக் கூச்சமா இருந்துச்சு, முழுசா எடுத்துட்டேன். உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி, சம்பந்தி!"

வீடே சிரித்தது. சம்பந்திகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். முழு மீசையுடன் மூலையில் நின்ற என்னை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த கோப்பைக்கு எந்த அணி என்று அவர் சொல்லட்டும். தோற்கும் என்று தெரிந்தே அந்தப் பக்கம் நிற்பேன்.