அப்பாவின் நெஞ்செரிச்சலும் என் ஆங்கிலமும்

புதிதாக ஆங்கில வார்த்தைகள் கற்றுக்கொண்டிருப்பவனை ஆஸ்பத்திரிக்குத் துணையாக அழைத்துப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பி.காம். முடித்து இண்டர்வியூவுக்கு அலைந்த காலம். செல்போனில் ஒரு ஆப் தினமும் மூன்று பெரிய வார்த்தைகளை அனுப்பும். அன்றைக்கே யாரிடமாவது பேசிவிட்டால் மறக்காது என்பது அதன் உபதேசம். எங்கள் உப்பளம் ஏரியாவில் என் ஆங்கிலத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்? (பால்காரரிடம் முயன்றேன். கொஞ்ச நாள் பாலைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனார்.)

அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து வைத்திக்குப்பத்து நண்டுக் குழம்பை ஒரு கை பார்த்த அப்பா, சாயங்காலம் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ பிடித்து கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் வடநாட்டு இளைஞர், தமிழ் தெரியாது. அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் வராது. நடுவில் நான். அன்றைய வார்த்தைகள் மூன்றும் இன்னும் செலவாகவில்லை.

"லேசா கரிக்கிற மாதிரி இருக்குதுன்னு சொல்லுடா" என்றார் அப்பா.

நான் 'எக்ஸ்குரூஷியேட்டிங்' என்றேன். தாங்க முடியாத வலி என்று அர்த்தம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பெருமை. காலையில் சிலிண்டர் தூக்கியதில் தோள் வேறு பிடித்திருக்கிறது என்றார் அப்பா. வலி கைக்குப் பரவுகிறது என்னும்படி 'ரேடியேட்டிங்' என்றேன். மீதி ஒன்றை மட்டும் ஏன் வீணாக்க வேண்டும்? ஆளே 'பிரிகேரியஸ்' என்றேன். எந்த நேரமும் எதுவும் ஆகலாம் என்ற நிலை.

உடனே ஸ்ட்ரெச்சர் வந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார்கள் போல என்று அப்பா நிம்மதியாகப் படுத்திருந்தார். நர்ஸ் அவர் கழுத்துச் சிலுவையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, நான் சொன்னதெல்லாம் நிஜமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். ஒரு ஆங்கில வார்த்தையும் வரவில்லை, சின்ன வார்த்தைகூட. அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன்.

அம்மா பங்குச் சாமியாரோடு வந்தார். சாமியார் கையில் அவஸ்தைப் பூசுதலுக்கான எண்ணெய் (சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுவது). அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு முகம் வெளுத்தது.

"டேய், அந்த டாக்டர் என்னதான்டா சொன்னாரு?"

டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை, சொன்னதெல்லாம் நான்தான் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

சாமியார் குனிந்து, "என்னாப்பா பண்ணுது உனக்கு?" என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் அதைத் தமிழில் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"நண்டு கொஞ்சம் ஓவராயிட்டுது சாமி. ஏப்பம் வரமாட்டேங்குது."

சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. ஈசிஜியிலும் ஒன்றும் இல்லை. சாமியார் எண்ணெயை ஜேபிக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய நான் அங்கேயே தயாராக இருந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ஒரே ஒரு ஆங்கில வசனம் கற்றுக்கொண்டார். எந்த டாக்டரானாலும், தமிழ் டாக்டரே ஆனாலும், நான் வாயைத் திறக்கும் முன் அதைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோதும், கண்ணில் நீர் வழிய வழிய டாக்டரிடம் அதையேதான் சொன்னார்:

"ஸ்மால் பெயின். டோன்ட் ஆஸ்க் மை சன்."