ஆறாவது மன்றாட்டு

தனியாக வசிப்பவள் வாய்விட்டுப் பேசிப் பழகக் கூடாது. பழகினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எனக்கு ஊர் முதுகுளத்தூர். கடலோரத்து ஊர் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்து, ஓர் அறை வீட்டில் குடியேறினேன். பள்ளிப் பிள்ளைகளைத் தவிர யாரும் என்னிடம் பேசவில்லை. (அவர்களும் "டீச்சர், ஒண்ணுக்கு" என்பதோடு சரி.) அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் வீட்டு மீன் குழம்பு வாசனை மட்டும் தினமும் என்னைப் பார்க்க வரும். நான் மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி குக்கரோடு பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை மாதா கோயில் பங்குச் சாமியார் வழியில் நிறுத்தினார்.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழமை பூசை உங்க தெரு முறை. மன்றாட்டு அஞ்சும் நீங்களே சொல்லிருங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பூசை முடிந்ததும் யாராவது "நல்லாச் சொன்னீக" என்பார்கள். அதைப் பிடித்துப் பேச்சை வளர்த்து, ஒரு சிநேகிதியையாவது சம்பாதித்துவிடலாம் என்பது திட்டம்.

முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்று அந்த ஐந்து வேண்டுதலையும் மனப்பாடம் செய்தேன். தினமும் சாயங்காலம் சுவர் முன் நின்று திருச்சபைக்காக, நாட்டுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக மன்றாடுவேன். சபையார் சொல்ல வேண்டிய பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். (வேறு யார் இருக்கிறார்கள்?) புதன்கிழமை வாக்கில், விளையாட்டுக்கு ஆறாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. சனிக்கிழமைக்குள் அது மற்ற ஐந்தையும்விட நன்றாகப் பாடமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன் ஐந்தும் தடையில்லாமல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கோயில் நிறைந்த கூட்டம் எனக்குப் பதில் சொன்னது. அந்தச் சுகத்தில் வாய் நிற்கவில்லை.

"பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்க, மோர்ச்சோறு தின்னும் உம் மகளுக்கு ஒரு கரண்டி குழம்பும், பேச ஓர் ஆளும் தந்தருள, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

அடப் பாவி மகளே! நாக்கைக் கடிப்பதற்குள் மொத்தச் சபையும் பழக்க தோஷத்தில் முழங்கியது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அதன் பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். தூக்குச்சட்டியோடு ஸ்டெல்லா அக்கா.

"ஏன் டீச்சர், கொழம்பு வேணும்னா செவுத்தத் தட்டுனாப் பத்தாதா? அதுக்கு ஆண்டவரைப் போயி இழுக்கணுமா?"

"நீங்கதான் பேசவே மாட்டீகளேக்கா."

"நல்லாருக்கே கதை! எந்நேரமும் உள்ள யாருட்டயோ பேசிக்கிட்டே இருந்தீக. ஆளு இருக்கு, எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்."

நான் சாப்பிட்டு முடித்த பிறகும் அக்கா போகவில்லை. விளக்கு வைக்கும்வரை பேசினோம்.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன். அக்காவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து வீடியோவில் வரும் மகளின் முதல் கேள்வி, "அம்மா, ஆறாவது மன்றாட்டு ஏதும் பாக்கி இருக்கா?" பின்னாலிருந்து மாப்பிள்ளை "கேட்டருளும்!" என்று கத்துவார்.

"ஒண்ணும் இல்லடி" என்று நானும் சிரிப்பேன்.

போனை வைத்த பிறகு சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு ஆறாவதைச் சொல்கிறேன். குழம்பை விட்டுவிட்டேன். (டாக்டர் புளி கூடாதென்கிறார்.) மீதிப் பாதியை மட்டும்தான் கேட்கிறேன். பதிலையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.