கேரண்டியின் கால்

"என்னங்க, கட்டைவிரல் ஏன் இப்படி இருக்கு?"

மனைவி கேட்டதும் கேரண்டிக்கு வலி நின்றுவிட்டது. பயம் வந்தால் வலி கொஞ்ச நேரம் ஒதுங்கி வழிவிடும்.

"எப்படி இருக்கு?"

"நீலமா இருக்கு."

"எந்த நீலம்?"

"நீலத்துல எந்த நீலம்? நீலம்தான்."

"சரியாச் சொல்லு. வான நீலமா, மயில் கழுத்தா, நேவி ப்ளூவா?"

கால் அவருடையது. ஆனால் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. மல்லாந்து படுத்திருந்தார். கால் நெஞ்சை விட உயரத்தில், இரண்டு தலையணைகளின் மேல், யாருடைய காலோ போலத் தனியாக இருந்தது.

கேரண்டி என்பது அவர் பெயரல்ல. துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் துணியை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "சாயம் போகாதுங்க, நான் கேரண்டி" என்று சொல்லி வந்தவர். இப்போது கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த தெருவுக்கு வழிகாட்டுவார்கள்.

அத்தனை வருடமும் நின்றுகொண்டே விற்றதில் கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்துக்கொண்டது. செருப்புக்குள் கால் போக மறுத்தது. டாக்டர் எலும்பைச் செதுக்கி, ஸ்க்ரூ போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார். முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். போகும்போது, "நின்னு வேலை பாப்பீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆரஞ்சு புளித்தது.

டாக்டர் சொன்னது எளிமையானதுதான். காலைத் தூக்கியே வைக்க வேண்டும். விட்டு விட்டு ஐஸ் வைக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. சாப்பிட்டபின் மாத்திரை. கடைசியாக ஒரு விரலை நீட்டிச் சொன்னார்.

"கால்விரல் நீலமாச்சுன்னா, மரத்துப்போச்சுன்னா, யோசிக்காம வந்துடுங்க. லேட் பண்ணினா விரலை எடுக்க வேண்டியிருக்கும்."

மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கட்டு நனையாமலிருக்கக் கடையின் பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, நுனியைக் கத்தரித்து, ஐந்து விரல்களையும் வெளியே எட்டிப் பார்க்க விட்டாள். பையில் கொட்டை எழுத்தில் "நன்றி, மீண்டும் வருக" என்று அச்சடித்திருந்தது. காலை உயர்த்தப் பழைய தலையணைகள் தட்டையாக இருந்ததால் புதிதாக இரண்டு தைத்தாள். உறைக்குக் கேரண்டியே கடையிலிருந்து புது ரகத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

"கிள்ளிப் பாரு," என்றார் கேரண்டி.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கிள்ளச் சொன்னேன்ல?"

"அப்பவே கிள்ளிட்டேங்க."

கேரண்டி கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று இறக்கைகள். ஒன்று போனால் அதுவும் சுற்றாது.

"ஐஸ் வெச்சா மரத்துத்தானே போகும்?" என்றாள் அவள், தனக்கே ஆறுதலாக.

"சரி. நீலம்?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ் வீட்டு நர்ஸைக் கூப்பிடட்டுமா? இன்னிக்கு வீட்லதான் இருக்கா போல. காலைல கதவு திறந்திருந்தது."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

ஏன் என்று இருவருக்கும் தெரியும். போன மாதம் அந்த நர்ஸ் கடைக்கு வந்திருந்தாள். வாங்கிய திரைச்சீலைத் துணியைத் துவைத்ததில் கூட ஊறிய யூனிஃபார்ம் எல்லாம் பாழாகிவிட்டது என்றாள். கடை நிறையக் கூட்டம். கேரண்டி துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கே கேட்கும்படி, "எங்க துணியில சாயம் போகாதும்மா. உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

அன்றைக்கே மனைவி கேட்டாள், "அவங்க வீட்டுக்கும் நமக்கும் ஒரே டேங்க்தானே?" என்று.

"உனக்கு வியாபாரம் புரியாது," என்று சொல்லிவிட்டார்.

"என் காலே போனாலும் அவ கையால வைத்தியம் வேண்டாம்," என்றார் இப்போது. "உன் தம்பியைக் கூப்பிடு."

மச்சான் இருசக்கர வாகன மெக்கானிக். போன் போட்ட கையோடு வந்து நின்றான். கை இரண்டும் முழங்கைவரை கிரீஸ். காலைச் சுற்றி ஒரு வலம் வந்தான். குனிந்து பார்த்தான். காதைக்கூட அருகில் வைத்துப் பார்த்தான்.

"என்னடா கேக்குது?" என்றாள் அக்கா.

"சும்மா இரு. மாமா, விஷயம் சிம்பிள். டேங்க் கீழ இருக்கு, இன்ஜின் மேல இருக்கு. பெட்ரோல் எப்படி ஏறும்? ரத்தம் போகாமதான் நீலமாகுது. காலைக் கீழ இறக்குங்க."

"டாக்டர் தூக்கி வைக்கச் சொன்னாருடா."

"டாக்டர் வண்டி ஓட்டுவாரு. ரிப்பேர் பண்றது யாரு?"

கேட்க நியாயமாக இருந்தது. வலியில் இருப்பவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் இருக்கும். காலை இறக்கினார்கள்.

பாதம் தரையை நெருங்கியதுமே உள்ளே யாரோ ஆணி அடித்தார்கள். அடித்த ஆணியைப் பிடுங்கி மறுபடி அதே ஓட்டையில் அடித்தார்கள். கேரண்டி மச்சானின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அலறினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"தூக்குடா! தூக்கு!"

"முடியை விட்டாத்தான் மாமா தூக்க முடியும்."

மறுபடி தலையணை. வீக்கத்துக்கு மறுபடி ஐஸ், முன்பைவிட அதிகமாக. அவசரத்தில் ஐஸ் போட்ட பை ஓட்டை. நீர் சொட்டுச் சொட்டாக விரல்களில் இறங்கித் தலையணையில் ஊறியது. ஐஸ் ஒரு பக்கம் நழுவியது, கால் ஒரு பக்கம் நழுவியது.

"மாத்திரையாவது போட்டுக்கங்க," என்றாள் மனைவி.

"வலி இருக்கிறவரைக்கும் கால் உயிரோட இருக்குன்னு தெரியுது. மாத்திரை போட்டு அதையும் அமுக்கிட்டா எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

"அப்ப வலிக்குதுல்ல? நல்லதுதானே?"

"பாதம் வலிக்குது. விரல் வலிக்கல."

மச்சான் யோசித்தான். அவன் யோசிக்கும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது உடைவது வழக்கம். "அக்கா, துணி ஏதாவது இருந்தாக் கொடு. ஐஸையும் விரலையும் சேர்த்து இறுக்கமில்லாமக் கட்டிடறேன். நழுவாது."

தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய நீளத் துண்டு ஒன்று தையல் மெஷின்மேல் கிடந்தது. அவள் எடுத்து வீசினாள். ஹெட்லைட்டுக்குத் துணி சுற்றுகிறவனைப்போல மச்சான் பதமாகச் சுற்றினான். நழுவவில்லை. கால்மணி நேரம் ஐஸ் அங்கேயே இருந்தது. கேரண்டி கண்ணை மூடினார். கடையில் தன் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருப்பதாகவும், அதில் தான் உட்கார்ந்திருப்பதாகவும், வாடிக்கையாளர்கள் எல்லோரும் அடுத்த கவுண்டருக்குப் போவதாகவும் தோன்றியது. உட்கார்ந்து துணி விற்கிறவனை யார் நம்புவார்கள்? துணியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால்தான் அது அழகாக மடிந்து விழும். அதற்கு நிற்க வேண்டும். நிற்கக் கட்டைவிரல் வேண்டும்.

மச்சான் துணியை அவிழ்த்தான்.

அவிழ்த்த துணியோடு ஒரு அடி பின்வாங்கினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"என்னடி?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடியைக் கொண்டா," என்றார் கேரண்டி.

முகம் பார்க்கும் கண்ணாடியை மச்சான் காலுக்கு எதிரே பிடித்தான். கேரண்டி முதல் தடவையாகத் தன் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரல் மட்டுமல்ல. ஐந்தும். நுனியிலிருந்து அடிவரை.

"நேவி ப்ளூ," என்றார் மெதுவாக. தொழில் சுத்தம்.

அதன்பின் எல்லாம் ஓட்டமாக நடந்தது. மச்சான் பட்டறையிலிருந்து ஒரு வண்டியை வரவழைத்து வாசலில் நிறுத்தச் சொன்னான். வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் கேரண்டியை உட்காரவைத்து அப்படியே இறக்குவதென்று முடிவானது.

"கையைக் கழுவிட்டு வாடா. கிரீஸோட நாற்காலியைத் தொட்டேன்னா பாரு."

"அக்கா, மாமா கால் போகப் போகுது. உனக்கு நாற்காலியா?"

"கால் போனா நாற்காலிதானேடா வேணும்!"

சொல்லிவிட்டு அவளே அழுதாள். மச்சான் ஓடிப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முகத்துக்கு நேரே காட்டினான். பளிச்சென்று இருந்தன.

அவள் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். அவன் முன்னால், நாற்காலிக் கால்களோடு சேர்த்து, ஈரத் தலையணையையும் அதன்மேல் கேரண்டியின் காலையும் அணைத்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் நாற்காலி ஒரு குதி குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் கேரண்டி ஒரு கடவுளைக் கூப்பிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் கடவுள்கள் தீர்ந்துபோனார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்க. மூச்சு வாங்கிக்கறேன்," என்றான் மச்சான். நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கையை எடுத்தவன், அந்தக் கையைப் பார்த்தான். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"அக்கா… என் விரலும் நீலமாகுது."

"என்னது?"

"அஞ்சும். மாமா, இது தொத்துமா?"

அவன் கையை உதறினான். நாற்காலி தொப்பென்று திருப்பத்தில் இறங்கியது. கேரண்டி போட்ட கூச்சலில் வலப்பக்கத்துக் கதவு திறந்தது.

கீழ் வீட்டு நர்ஸ்.

வேலைக்குக் கிளம்பும் கோலத்தில் நின்றாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். அதை வெள்ளை என்று சொல்ல முடியாது. மேகம் போட்ட வானம்போல் அங்கங்கே ஒரு சாயல். கேரண்டி சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை சுவரைப் பார்ப்பது அவர் முறை.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் நர்ஸ், அவரைப் பார்க்காமல்.

மனைவி கொட்டித் தீர்த்தாள். ஆபரேஷன், வீக்கம், ஐஸ், இறக்கியது, ஏற்றியது, கட்டியது, நீலம், தம்பியின் கை.

நர்ஸ் குனிந்தாள். முதலில் "மீண்டும் வருக"வைப் படித்தாள். பிறகு விரல்களைப் பார்த்தாள். பிறகு தலையணையை. பிறகு மச்சானின் சட்டையை. தலையணை பட்ட இடத்தில் அதுவும் நீலம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனாள்.

"போயிட்டாளே," என்றார் கேரண்டி. "பாத்தியா, பழி வாங்கறா."

அவள் பஞ்சும் ஒரு சின்னப் பாட்டிலுமாகத் திரும்பி வந்தாள்.

கேரண்டியால் அடக்க முடியவில்லை. "தங்கச்சி, எனக்கு நிக்கிற வேலைம்மா. வேற எதுவும் தெரியாது. அன்னிக்குக் கடையில நான் பேசினது… அதை மனசுல வெச்சுக்காதம்மா. உள்ளதைச் சொல்லு. விரலை எடுத்துடுவாங்களா?"

அவள் பஞ்சை நனைத்துக் கட்டைவிரலை நுனியிலிருந்து அடிவரை துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். இன்னொரு பஞ்சு எடுத்து மறுபடி துடைத்தாள். நகத்தை அமுக்கி, விட்டாள். வெளுத்து, உடனே சிவந்தது.

"ரத்தம் நல்லா ஓடுது. மாத்திரை போட்டுக்கிட்டு, காலைத் தூக்கி வெச்சுப் படுங்க. வீக்கம் தானா இறங்கும்."

"அப்ப அந்த நீலம்?" என்றாள் மனைவி.

நர்ஸ் எழுந்தாள். கேரண்டி கடையில் துணியைக் காட்டுவதுபோலவே அந்தப் பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் உயரத் தூக்கிக் காட்டினாள். நேவி ப்ளூ.

"பயப்படாதீங்கண்ணே. உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல."